இறங்குதுறையில் ஒரு தபால் மேசை

தொமாலுத் தீவு
14 செப்ரெம்பர் 1997

இஞ்சாருங்கோ,

விமான நிலையத்துக்கு நீங்கள் வரவில்லை. எங்கள் பிள்ளை கரோலின்தான் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். "போறதெண்டால் போம்" என்று ஒரு புருஷன் சொன்னால் அதற்குப் போகாதே என்றுதான் அர்த்தம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வந்தேன். அவளுக்கு விளங்கவில்லை, பாவம் என்று ஆட்களிடம் சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

நான் என்ன வேலைக்கு வந்தேன் என்று சேர்ச்சில் யாராவது கேட்டால் "உதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று முகத்தைத் திருப்புவீர்கள். ஆகவே எழுதித் தருகிறேன், அப்படியே வாசித்துக் காட்டுங்கள். பசிபிக் சமுத்திரத்தில் இருக்கும் சின்னத் தீவு நாடுகளின் தபால் சேவையைத் திருத்துவதற்கு நாலைந்து நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் நடத்துகின்றன. அதில் இந்த நாட்டுக்கான வேலையை எடுத்திருப்பது ரொறன்ரோவில் உள்ள ஒரு கொம்பனி. ஊர்காவற்றுறையில் தபாலதிபராக இருந்து, பிறகு ரொறன்ரோவில் கடிதம் பிரிக்கும் ஆலையில் வேலை செய்த கிளடிஸ் சீமோன், சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு அந்தத் திட்டத்துக்குக் கள அலுவலராக ஒரு வருடத்துக்கு வந்திருக்கிறாள். அவ்வளவுதான். ஓடிப்போகவில்லை.

உதவி செய்த நாடுகளின் தாராளத்தைச் சொல்லவேண்டும். ஒரு நாடு தபால் ஏற்றுகிற வான் வண்டி ஒன்று அனுப்பியிருக்கிறது. தொமாலுவில் ரோட்டு இல்லை, மணல்தான். வான் இறங்குதுறைக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதற்குள் கோழிகள் குடியிருக்கின்றன. இன்னொரு நாடு மின்சாரத் தராசு கொடுத்திருக்கிறது. இங்கே மின்சாரம் பின்னேரத்தில் கொஞ்ச நேரம்தான் வரும், அப்போது தபாலகம் பூட்டியிருக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. திட்டத் தலைவர் ஹொப்ஸன் மரியாதையான மனிதர், வேர்க்கும்போதுகூடக் கழுத்தில் ரை கட்டுவார். அவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். தொமாலுவில் இருந்து போகும் தபால் பைக்குள் ஒன்றும் இல்லையாம், ஆகவே வருகிற ஜூன் முடிவில் இந்தத் தபாலகத்தைப் பூட்டவேண்டுமாம். பிறகு ஒரு கடிதம் போட இந்தச் சனம் ஒரு பகல் முழுதும் படகில் போய்த் தலைநகரில் போடவேண்டும். தொமாலுவில் தொலைபேசியும் இல்லை. அந்த அறிக்கையில் கள அலுவலரின் கையெழுத்தும் வேண்டும். அதாவது என்னுடையது.

ஊர்காவற்றுறையில் தபாலகத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டியவள் நான். அன்றைக்கு வெளியே ஷெல் விழுந்தது. இங்கே ஷெல் இல்லை, ஹொப்ஸனின் கல்குலேற்றர் மட்டும்தான் இருக்கிறது. அதற்கெல்லாம் நான் பலகை கழற்றமாட்டேன்.

குளிர் தொடங்க முதல் காருக்கு ரயர் மாற்றுங்கள்.

கிளடிஸ்

*

ரூஜ், ஸ்காபரோ
12 ஒக்ரோபர் 1997

அன்பின் கிளடிஸ்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. வாசித்துக் காட்டச் சொன்னீர், காட்டவில்லை. நான் ரேடியோ இல்லை.

நான் சுகம். சுகம் என்றால், பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை முடிந்து 401 பெருந்தெருவில் ஊர்ந்து வீட்டுக்கு வந்து, பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையிலேயே நித்திரையாகி, கரோலின் வந்து புகையைக் கண்டு கத்துகிற அளவுக்குச் சுகம். பூசை முடிந்து வெளியே வந்தால் அருள்நாயகி அன்ரி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறா. முதல் கிழமை "கிளடிஸ் எப்ப வாறா?" என்று கேட்டா. போன கிழமை "கிளடிஸ் வாறாவோ?" என்று கேட்டா. அடுத்த கிழமை என்ன கேட்பா என்று எனக்குத் தெரியும். அதனால் நான் பின்கதவால் போகிறேன்.

நீர் கோபப்படுவீர், ஆனாலும் எழுதுகிறேன். ஊர்காவற்றுறைத் தபாலகத்தை நீர் பூட்டவில்லை, சண்டை பூட்டியது. அதை இன்னும் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறீர். எங்கேயோ ஒரு தீவில் ஒரு கதவு பூட்டினால் உமக்கென்ன? கையெழுத்தைப் போட்டுவிட்டு வாரும். படித்த கொம்பனிக்காரரோடு மல்லுக்கட்டி ஒரு தமிழ்ப் பொம்பிளை என்ன வெல்லப்போகிறா?

நாளைக்குத் தாங்ஸ்கிவிங். கிளிபோட்டின் தாய் தகப்பன் விட்பியில் தங்களுடைய புது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெடியன் நல்லவன். கரோலினைப் பார்க்கும்போது சாப்பிட மறந்துபோகிறான். ஏதோ நடக்கத்தான் போகிறது.

உம்முடைய பக்கம் போகிற ஆள் ஒருவரும் அகப்படாததால் இதைத் தபாலில் போடுகிறேன். சேராவிட்டால் என்னைக் குறை சொல்லவேண்டாம்.

சீமோன்

*

தொமாலுத் தீவு
9 நவம்பர் 1997

இஞ்சாருங்கோ,

சேராது என்று நீங்கள் பயந்த கடிதம் மூன்று கிழமைக்குள் வந்துவிட்டது. தபால்காரியின் புருஷன் போகிற ஆளைத் தேடித் திரிந்திருக்கிறார். வெட்கக்கேடு.

ஆனால் போகிற ஆள் அகப்படவில்லை என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் என் கண்ணைத் திறந்தது. அன்றைக்குப் படகு வந்தபோது இறங்குதுறையில் நின்று பார்த்தேன். படகோட்டியின் சேட்டுப் பொக்கற் புடைத்துக்கொண்டிருந்தது. பார்த்தால் கடிதம். படகில் ஏறப்போன மருந்துச்சாலை நேர்சம்மாவின் கூடைக்குள் கடிதம். தலைநகரில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் புத்தகப் பைக்குள் கடிதம். எல்லாம் கையில் கொடுத்துவிடுகிற கடிதங்கள். ஹொப்ஸனின் பைக்குள் கடிதம் இல்லைத்தான். தொமாலு முழுக்கக் கடிதம் இருக்கிறது.

எங்களுடைய ஆட்களும் இதைத்தானே செய்கிறார்கள். ரொறன்ரோவில் யாராவது கொழும்புக்கு ரிக்கற் போட்டால் போதும், அந்த மனிசனுக்குத் தன்னுடைய உடுப்பு வைக்க சூட்கேசில் இடம் இருக்காது. இதைப் பார்த்தவுடனே எனக்கு விளங்கியது, ஹொப்ஸனுக்கு விளங்கவில்லை. அதில் என் கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. நான் அப்படிப்பட்ட சனத்துக்குள் பிறந்தேன், அவர் பிறக்கவில்லை.

ஏன் தபாலகத்துக்குப் போகவில்லை என்று படகுக்கு நின்றவர்களிடம் கேட்டேன். தபாலகம் மேட்டில் இருக்கிறது. ஒன்பது மணிக்குத் திறந்து நாலு மணிக்குப் பூட்டுகிறது. கடல் நீர் ஏறும்போதுதான் படகு வரும், அது ஒரு நாள் விடிய வரும், ஒரு நாள் பொழுதுபட வரும். மேட்டில் கொடுத்த கடிதம் படகைத் தவறவிட்டு அடுத்த படகுவரை கிடக்கும். அதைவிட நேர்சம்மாவின் கூடை நல்லதுதானே.

அதனால் கதவைப் பூட்டிவிட்டு ஒரு மேசையையும் முத்திரைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு வந்துவிட்டேன். படகு வருகிற நேரம்தான் தபாலக நேரம். ஹொப்ஸன் தலைநகரில் இருந்து குறிப்பு அனுப்பினார், திட்டத்தில் சொன்ன நேரத்தை மீறுகிறேனாம். கடலுக்கு மணிக்கூடு கட்டிவிட்டால் நானும் ஒன்பது மணிக்குத் திறக்கிறேன் என்று பதில் அனுப்பினேன்.

பருப்பு வைத்தால் அடுப்படியில் நில்லுங்கள். நித்திரை வந்தால் பாண் சாப்பிடுங்கள்.

கிளடிஸ்

*

ரூஜ், ஸ்காபரோ
24 நவம்பர் 1997

அன்பின் கிளடிஸ்,

சந்தோஷமான செய்தி. கரோலினுக்கும் கிளிபோட்டுக்கும் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. வருகிற வருடம் ஜூலை 18, சனிக்கிழமை, எங்களுடைய கோவிலில். ஃபாதர் நாளைக் குறித்துக்கொண்டார். விட்பிக்காரருக்கும் சம்மதம். கரோலின் ஒரே அழுகையும் சிரிப்புமாக இருக்கிறாள். தானே முதலில் அம்மாவுக்கு எழுதுகிறேன் என்றாள், தகப்பன் எழுதுவதுதான் முறை என்று நான் மறித்துவிட்டேன். அவள் எழுதிய துண்டுக் கடிதமும் இந்த உறைக்குள்தான் இருக்கிறது.

நீர் வருவீரா என்று மட்டும் கிறிஸ்மஸ்சுக்குள் எழுதும். தாய் இல்லாமல் என் பிள்ளை கோவிலுக்குள் நடக்கக்கூடாது. அதை விட்டுவிட்டு வேறு எதையும் நான் உம்மிடம் கேட்கவில்லை. பருப்புக்கூட இப்போது எனக்கு வைக்கத் தெரியும்.

உம்முடைய தபால்காரர் போன கிழமை தொடங்கி வேலைநிறுத்தம். பனிக்குள் நெருப்பு மூட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உம்மோடு வேலை செய்த பிலிப்பீன் பிள்ளை என்னைக் கண்டு கை காட்டினாள், நானும் ஹோர்ன் அடித்தேன். பெட்டிக்குள் போட்டால் எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே பஸ்ரியன் அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் நாளைக்குக் கொழும்பு போகிறார். அங்கே அவருடைய தங்கச்சி வீட்டில் ஒரு ஃபாதர் சிட்னிக்குப் போக நிற்கிறாராம். சிட்னியில் இருந்து உம்முடைய தீவுப் பக்கம் சிஸ்ரர்மார் போவார்களாம். "தம்பி, உது தபாலைவிடக் கெதியாய்ப் போகும்" என்று பஸ்ரியன் அண்ணை சொன்னார். கையில் போவது எப்படியும் சேரும்.

சீமோன்

*

தொமாலுத் தீவு
3 பெப்ரவரி 1998

இஞ்சாருங்கோ,

வேலைநிறுத்தம் டிசெம்பரிலேயே முடிந்துவிட்டது என்று ரேடியோவில் கேட்டேன். உங்களுடையது முடியவில்லைப்போல. உங்கள் ஒக்ரோபர் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை, கிறிஸ்மஸ்சுக்கு ஒரு கார்ட்கூட இல்லை. கரோலினும் பேனையைத் தூக்கவில்லை. தகப்பனும் மகளும் சேர்ந்து எனக்குத் தண்டனை தருகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தாருங்கள்.

என் பக்கத்துச் செய்தியைக் கேளுங்கள். இறங்குதுறை மேசைக்குச் சனம் பழகிவிட்டது. படகோட்டியே தன்னுடைய பொக்கற்றை மேசையில் கொட்டுகிறான், முத்திரை குத்திப் பைக்குள் போட்டுப் பொறுப்பாகக் கொடுத்தால் தன்னுடைய தலைக்குப் பாரம் இல்லை என்கிறான். முன்பு ஒரு பையின் அடியில் கிடந்தது, இப்போது இரண்டு பை வாய் கட்டமுடியாமல் போகிறது. இந்த நாட்டுத் தபால் திணைக்களத்தின் தலைவி றேவா தானே தலைநகரில் இருந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள். திரும்பிப் போகும்போது ஒரு பையைத் தானே தூக்கிப் படகில் ஏற்றினாள்.

ஹொப்ஸன் என்ன சொல்கிறார் தெரியுமா? மேசையில் எடுத்த கடிதங்கள் அலுவலக நேரத்துக்கு வெளியே எடுத்தவை, ஆகவே கணக்கில் சேராதாம். கடிதம் கடிதம் இல்லையாம். அறிக்கை அப்படியேதான். திட்டம் சொல்கிறபடி மூடினால் தலைநகரில் புதுத் தபால் கட்டடம் கட்டித் தருவார்கள். மூடாவிட்டால் கட்டடம் இல்லை. றேவாவின் கந்தோர்க் கூரை மழைக்கு ஒழுகுகிறது, பாவம், அவளை இப்படி நெருக்குகிறார்கள்.

என் முன்னால் அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் பேனையை மூடிப் பொக்கற்றில் வைத்துவிட்டேன். கையெழுத்து வைக்காவிட்டால் ஜூன் முடிவோடு என் வேலை நிற்கும் என்றார்கள். நிற்கட்டும். வேலை போனாலும் ஓகஸ்ற்வரை என் சொந்தச் செலவில் இங்கே இருந்து இந்த மேசையைக் காப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் பேசாவிட்டாலும் பரவாயில்லை. நான் சரியான பக்கத்தில் நிற்கிறேன்.

கிளடிஸ்

*

ரூஜ், ஸ்காபரோ
1 மார்ச் 1998

கிளடிஸ்,

உம்முடைய கடிதத்தைக் கரோலின்தான் முதலில் வாசித்தாள். வாசித்துவிட்டு மேசையில் வைத்துவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கதவு சாத்துகிற பிள்ளை இல்லை என்று உமக்குத் தெரியும்.

ஓகஸ்ற்வரை இருப்பீராம். ஜூலை 18 உமக்கு ஒரு நாளாகவே தெரியவில்லை. பெற்ற மகளின் கலியாணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, வாழ்த்துக்கூட இல்லை, மேசையும் பையும் படகோட்டியின் பொக்கற்றும் எழுதியிருக்கிறீர். அவளுடைய துண்டைக்கூடவா நீர் வாசிக்கவில்லை?

விட்பிக்காரர் கேட்டபோது நீர் வருவீர் என்று பொய் சொன்னேன். கோவிலில் அருள்நாயகி அன்ரி கேட்டபோது, என்னுடைய மனிசி எங்கே இருக்கவேண்டும் என்பது எங்களுடைய வீட்டு விஷயம், உங்களுடையது இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவ இனி என்னோடு கதைக்கமாட்டா. வெளியில் உமக்காகச் சண்டை பிடித்துவிட்டு உள்ளே வந்து உம்மோடு சண்டை பிடிக்கிறேன். களைத்துப்போனேன்.

இதைத் தபாலில் போடுகிறேன். இப்படி ஒரு கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட எனக்கு மனம் இல்லை.

சீமோன்

*

தொமாலுத் தீவு
25 மார்ச் 1998

இஞ்சாருங்கோ,

எந்தக் கலியாணம்?

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்தே வாசித்தேன். படகுக்கு நின்ற சனம் எனக்கு வருத்தம் வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தது. என் பிள்ளைக்குக் கலியாணம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒக்ரோபர் கடிதத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தில் இங்கே வந்த முதல் காகிதம் இதுதான். அவளுடைய துண்டு எது? எப்போது எழுதினீர்கள்? எந்தத் தபாலில் போட்டீர்கள்? தபாலில் போட்டீர்களா?

இதை எழுதும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வேலைநிறுத்தம். கையில் கொடுத்துவிட்டிருக்கிறீர்கள். உங்களை என்ன செய்தால் தகும்? நான் இங்கே ஒரு தீவுச் சனத்தையே கையில் கொடுக்காதீர்கள், மேசையில் கொடுங்கள் என்று பழக்கிவிட்டேன். என் வீட்டில் ஒரு மனிசனைப் பழக்க முடியவில்லை.

கரோலினுக்குத் தனியாக எழுதி இதே பைக்குள் போடுகிறேன். நீங்கள் பிரிக்கவேண்டாம். என் பிள்ளை நாலு மாதம் தாய் தன்னை மறந்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள். அதை நினைக்க எனக்கு நெஞ்சு எரிகிறது.

கலியாணத்துக்கு வருவேன். ஜூலை 18, அதற்கு முதல் கிழமையே வந்துவிடுவேன். ஆனால் வந்து நிற்பதற்கு வரவில்லை, திரும்பிப் போவேன். இதை இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு விமான நிலையத்தில் முகத்தைத் தூக்கக்கூடாது.

இன்னொன்று. மே 12 அன்று ரொறன்ரோக் கந்தோரில் ஹொப்ஸன் அறிக்கையை வாசிக்கப்போகிறார். காசு கொடுத்த நாடுகளின் ஆட்களும் இருப்பார்கள். நான் எழுதிய மறுப்பை அதோடு சேர்க்கமுடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த மறுப்பைத் தொமாலுப் பையில் உங்களுக்கு அனுப்புகிறேன். நீங்கள் அங்கே போய், கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற அம்மாவிடம் கொடுங்கள். இந்த ஒருமுறை மட்டும் கையில் கொடுக்க அனுமதி தருகிறேன். மாட்டேன் என்றால் அதையும் எழுதுங்கள்.

கிளடிஸ்

*

ரூஜ், ஸ்காபரோ
17 மே 1998

அன்பின் கிளடிஸ்,

உட்கார்ந்துகொண்டு வாசியும்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து நிற்கிறேன். சிட்னியில் இருந்து தமக்கை வீட்டுக்கு வந்த வேரோனிக்கா என்று ஒரு பிள்ளை என்னைத் தேடி வந்து ஒரு உறையை நீட்டினாள். "அங்கிள், உது கிளடிஸ் அன்ரிக்காம். ஒருத்தரும் பிரிக்கேல்லை, அப்பிடியே இருக்கு." பார்த்தால் என்னுடைய எழுத்து, உம்முடைய பெயர் மட்டும்தான், விலாசம் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். பஸ்ரியன் அண்ணை கொழும்பில் தங்கச்சியிடம் கொடுத்தார். தங்கச்சி ஃபாதரிடம் கொடுத்தா. ஃபாதர் சிட்னியில் சிஸ்ரர்மாரின் மடத்தில் கொடுத்தார். அங்கே ஒரு சிஸ்ரர் ஊர்காவற்றுறைப் பக்கம். "போஸ்ற் ஒஃபிஸ் கிளடிஸோ? அவ ரொறன்ரோவிலயல்லோ இருக்கிறா" என்று சொல்லி, ரொறன்ரோவுக்கு வருகிற ஆளை மாதக்கணக்காகத் தேடி, பத்திரமாக எனக்கே திருப்பி அனுப்பிவிட்டா. ஒவ்வொருவரும் உறையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள், இன்னாரிடம் கொடுக்கவும், அவசரம் என்று. உலகத்தைச் சுற்றிவிட்டு என் கைக்கே வந்தது. கரோலின் படிக்கட்டில் இருந்து சிரித்த சிரிப்பில் அயல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவள் அழுதாள். உம்முடைய கடிதம் கிடைத்த நாளில் இருந்து அவள் நல்லாய் இருக்கிறாள்.

மே 12க்குப் போனேன். லீவு தரமாட்டேன் என்றான் சுப்பவைசர். நான் அரை நாளில் இறங்கி, வேலைக்குப் போடுகிற சேஃப்ரிச் சப்பாத்தோடேயே போனேன். வாசலில் இருந்த பிள்ளை இது பொதுக் கூட்டம் இல்லை என்றாள். கள அலுவலரின் புருஷன் என்றேன். அப்படி ஒரு பதவி இல்லை என்றாள். இனி இருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். தலைமையில் இருந்த அம்மா வெள்ளைத் தலை, கண்ணாடிக்கு மேலால் பார்த்தா, ஆனால் கதிரையில் இருக்கச் சொன்னா.

உம்முடைய மறுப்பைக் கொடுத்தேன். ஹொப்ஸன் நேரம் போதாது என்றார். நான் இருக்கவில்லை, நின்றேன். என்னுடைய ஆங்கிலம் உமக்குத் தெரியும். இருந்தும் அந்த உறையைத் தூக்கிக் காட்டி முழுக்கதையையும் சொன்னேன், கொழும்பு, சிட்னி, திரும்ப ரொறன்ரோ. சிரித்தார்கள். சிரித்து முடியட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன், நீங்கள் பையை எண்ணினீர்கள், பொக்கற்றை எண்ணவில்லை, தபால் பெட்டி இருக்கிற ரொறன்ரோவிலேயே நான் என் மகளின் கலியாணக் கடிதத்தைக் கையில் கொடுத்துத் துலைத்தேன், பெட்டியே இல்லாவிட்டால் அந்தத் தீவுச் சனத்துக்கு என்ன கதி என்று. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

உம்முடைய மறுப்பை அறிக்கையின் பின்னால் சேர்ப்பதாகத் தலைமை அம்மா எழுத்தில் தந்தா. முடிவு மட்டும் மாறவில்லை. ஜூன் 30 பூட்டத்தான் சொல்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் காரை எங்கே விட்டேன் என்று மறந்துபோய், அவர்களுடைய கந்தோர் இருக்கிற யூனிவேர்சிற்றி அவெனியூ முழுக்க நடந்தேன்.

படித்த கொம்பனிக்காரரோடு நீர் என்ன வெல்லப்போகிறீர் என்று நான் எழுதியது ஞாபகம் இருக்கிறதா? அதைக் கிழித்துவிடும்.

சீமோன்

*

தொமாலுத் தீவு
7 ஜூன் 1998

இஞ்சாருங்கோ,

கிழிக்கமாட்டேன். வைத்திருந்து பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

உங்கள் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். நீங்கள் சேஃப்ரிச் சப்பாத்தோடு அந்தக் கம்பளத்தில் நின்றதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. இவ்வளவு காலத்தில் இப்படி ஒரு வரி உங்களுக்கு எழுதியதில்லை, எழுதிவிட்டேன்.

முடிவு இங்கேயும் வந்துவிட்டது. ஹொப்ஸன் காகிதத்தோடு வந்தார், றேவாவும் கூட வந்தாள். பெயர்ப்பலகையை எப்போது இறக்குவது என்று அவர் கேட்டார். றேவா அவசரப்படவில்லை. அவள் சொன்னதை எங்களுடைய பாஷையில் சொன்னால் இப்படித்தான் வரும்: "புத்தி சொன்னது நீங்கள். தபால் எங்கடை. கூரை ஒழுகினால் ஒழுகட்டும்." கட்டடம் கிடைக்காது என்று ஹொப்ஸன் திரும்பவும் நினைவூட்டினார். அவள் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

ஜூலையில் இருந்து திட்டம் இல்லை, கொம்பனி இல்லை. இந்த நாட்டுத் திணைக்களத்தின் கீழ் தொமாலுத் தபாலகம் நடக்கும், படகு நேரத்தில், இறங்குதுறையில். ஒரு பெண்ணைப் பழக்கி எடுக்கும்வரை இரு என்று றேவா கேட்டிருக்கிறாள். இங்கத்தைச் சம்பளம்தான், அது உங்களுக்குச் சிரிப்பு வரும். ஓம் என்றுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை, சொல்கிறேன்.

கொம்பனி ரொறன்ரோவுக்கு ஒருவழி ரிக்கற்தான் தருகிறது. திரும்பி வருவதற்கு வழி நான் பார்ப்பேன்.

கிளடிஸ்

*

ரூஜ், ஸ்காபரோ
25 ஜூன் 1998

அன்பின் கிளடிஸ்,

திரும்பிப் போகிற ரிக்கற்றை நான் வாங்கிவிட்டேன். ஓகஸ்ற் 2. கரோலினுக்கும் சொல்லிவிட்டேன். மாற்றமுடியாத ரிக்கற், ஆகவே கலியாண வீட்டில் யாராவது கண்ணீர் விட்டாலும் நீர் போகத்தான் வேண்டும்.

இதை மோர்னிங்சைட்டில் சிவப்புத் தபால் பெட்டிக்குள் நானே போட்டேன். மூடியைத் திறந்து விழுந்ததா என்றும் பார்த்தேன்.

சீமோன்

*

தொமாலுத் தீவு
9 ஓகஸ்ற் 1998

இஞ்சாருங்கோ,

வந்து சேர்ந்தேன். நான் ரொறன்ரோவுக்குப் புறப்பட்ட பிறகுதான் உங்களுடைய ஜூன் கடிதம் இங்கே வந்திருக்கிறது. நான் பழக்குகிற பெண் அதை மேசை லாச்சிக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். ரிக்கற் வாங்கியதை நீங்கள் வாயால் சொல்லிக் கேட்டதைவிட, எழுத்தில் வாசிக்க நன்றாக இருக்கிறது.

கலியாண வீட்டில் நடந்ததை உங்களுக்கே எழுதுவது விசர் வேலை, நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். ஆனாலும் ஒன்றை எழுதவேண்டும். கரோலினைக் கோவிலுக்குள் நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தோம், அது எனக்குப் போதும். பிறகு விருந்து ஹோலில் அருள்நாயகி அன்ரி உங்களோடு கோபத்தை மறந்து, என் கையைப் பிடித்து, "அப்ப கிளடிஸ், இனி இஞ்சைதானே?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டா. நான் வாயைத் திறக்க முதல் நீங்கள் சொன்னீர்கள்.

"இல்லை அன்ரி. அவவுக்குப் போஸ்ற் ஒஃபிஸ் இருக்கு."

விட்பிக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டீர்கள். என்னுடைய முகத்தை நீங்கள் பார்க்கவில்லை, ஆகவே எழுதுகிறேன்: விமான நிலையத்துக்கு நீங்கள் வராத கோபத்தை நான் அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

ஹொப்ஸன் போன பிறகு வானையும் றேவா எடுத்துக்கொண்டாள். கோழிகளை விரட்டி, கதவுகளைக் கழற்றி, இறங்குதுறையில் நிழலுக்கு நிறுத்தியிருக்கிறாள். மேசை இப்போது வானுக்குள் நிற்கிறது. மழை வந்தாலும் கடிதம் நனையாது. இப்படியாவது அந்த நாட்டின் தாராளம் உதவியது.

இன்றைக்குக் கடல் ஏறிவிட்டது, படகு தெரிகிறது. மேட்டில் இருந்து சனம் இறங்கி வருகிறது, எல்லாருடைய கையிலும் உறை. நான் இதை முடிக்கவேண்டும்.

பிரித்த உறையை எறிந்துவிடாமல் முத்திரையில் குத்திய திகதியைப் பாருங்கள். தொமாலு, 9 ஓகஸ்ற். ரொறன்ரோவில் இருக்கிற அறிக்கையின்படி இந்தத் தபாலகம் ஜூன் 30இல் பூட்டியாயிற்று. அந்த உறையை ஒரு பிரதி எடுத்து யூனிவேர்சிற்றி அவெனியூவுக்கு அனுப்புங்கள். தபாலில் அனுப்புங்கள்.

கிளடிஸ்